நடுவரின் சட்டையும் ஷூவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லீக் கிரிக்கெட்டில் அம்பயராக நிற்கிறேன். ஆபீசுக்குப் போடும் கறுப்பு லெதர் ஷூதான் மைதானத்துக்கும். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினாலே குதிகால் குத்துகிறது. ஷூவை மாற்ற வேண்டுமா? அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: மாற்றித்தான் ஆக வேண்டும். ஆபீஸ் ஷூ உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கானது. அதன் சோல் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும், குதிகாலுக்கு மெத்தை கிடையாது. நாள் முழுக்க இறுகிய தரையில் நின்றால் பாதத்தின் அடியில் உள்ள தசைநார் இழுபடும். காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துவது பெரும்பாலும் அதனால்தான். ஷூவை மாற்றியும் சில வாரங்களில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முழுக் கறுப்பில் வாக்கிங் ஷூ அல்லது ரன்னிங் ஷூ வாங்குங்கள். சோலின் ஓரமும் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை ஓரம் கறுப்பு பேன்ட்டுக்குக் கீழே தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். சில சங்கங்கள் வெள்ளை ஷூதான் கேட்கும் என்பதால் முதலில் விசாரித்துவிடுங்கள். கடைக்கு மாலையில் போங்கள், அதற்குள் கால் சற்று வீங்கியிருக்கும். ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பிறகு ஷூவைக் கையில் எடுத்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். வளைக்கும்போது விரல் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அதுவும் வேண்டாம். குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறதா? லேஸைக் கடைசி ஓட்டையில் அதே பக்கம் வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள்.

ஸ்பைக்ஸ் வேண்டாம். பிட்ச்சின் நடுவில் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்டது: இரு பக்கமும் பாப்பிங் கிரீஸிலிருந்து (ஸ்டம்புக்கு முன்னால் பேட்ஸ்மேனுக்குப் போட்டிருக்கும் கோடு) 1.52 மீட்டர் தள்ளித் தொடங்கும், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30.48 செ.மீ. அகலம். பந்து வீசிவிட்டு அதற்குள் ஓடும் பவுலரை எச்சரிப்பவர் நீங்கள். உங்கள் ஷூவிலேயே ஆணி இருந்தால் பவுலர் அதைத்தான் முதலில் காட்டுவார். காலைப் பனியில் புல் வழுக்கினால் அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த டர்ஃப் ஷூ போதும்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு வாங்கிய விலை உயர்ந்த ஷூ. இரண்டே தடவை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். இந்த சீசனில் எடுத்துப் போட்டு அரை மணி நேரத்தில் சோல் ரவை ரவையாக உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கா?
– கைப்பந்து நடுவர், தூத்துக்குடி

பதில்: போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த சோல் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனதாக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதற்குள் மெல்ல இறங்கி உள் பிணைப்புகளை அறுத்துவிடும். கடற்கரை ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். போடாமல் வைத்ததால் ஷூ பத்திரமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். நடக்க நடக்க சோல் அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியே தள்ளும். மூடிய பெட்டியில் அதற்கு வழியில்லை.

சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே எடுத்து, சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ, மாவு கையில் ஒட்டினாலோ, மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, பசை பிடிக்க அங்கே பொருளே இல்லை. அடுத்த முறை ஈ.வி.ஏ. சோல் கேட்டு வாங்குங்கள். அது இப்படி உதிராது. ஆனால் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகும், ஒட்டிய இடம் விடும். எந்த ஷூவானாலும் பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், மொட்டை மாடி வெயில் பசையை இளக்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் டி20 போட்டிக்கு வெள்ளைப் பந்து. அம்பயர்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டோம். பேட்ஸ்மேன்கள் முணுமுணுக்கிறார்கள்.
– போட்டி ஏற்பாட்டாளர், திருச்சி

பதில்: அவர்கள் சொல்வது நியாயம். வலக்கை பவுலர் ஓவர் த விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு இடப்பக்கமாக ஓடி வரும்போது பந்து பிடித்த கை ஸ்டம்ப் பக்கமாக, அதாவது அம்பயரை ஒட்டியே வரும். பேட்ஸ்மேனுக்கு அந்தப் பந்தின் பின்னணி அம்பயரின் சட்டை. சிவப்புப் பந்துக்கு வெள்ளைச் சட்டை சரி, வெள்ளைப் பந்துக்கு அடர் நிறம் வேண்டும். உங்கள் மைதானத்தில் சைட் ஸ்கிரீனும் (பந்து தெளிவாகத் தெரிய பவுலருக்குப் பின்னால் எல்லையில் வைக்கும் திரை) இல்லையென்றால் இதை இன்றே மாற்றுங்கள். எந்த அணியின் நிறமும் வராமல் பாருங்கள். கறுப்பு வேண்டாம், மே மாத வெயிலில் அம்பயர் பாவம்.

கேள்வி: அம்பயர் ஹெல்மெட் போட்டால் சிரிப்பார்களா?
– வாசகர், மதுரை

பதில்: சிரிக்கிறவர்களுக்கு நம் பக்கத்து ஊர் சம்பவத்தைச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் நடந்த தமிழ்நாடு – பஞ்சாப் ரஞ்சி ஆட்டத்தில், நேராக அடித்த பந்து ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்டின் தலையில் பட்டு அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அடுத்த மாதமே கான்பெராவில் நடந்த இந்தியா – ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டத்தில் அவர் ஹெல்மெட்டுடன் நின்றார். அதே 2016இல் இன்னொரு ஆஸ்திரேலிய அம்பயர் புரூஸ் ஆக்சன்ஃபோர்டு முன்கையில் கேடயம் கட்டி ஐ.பி.எல். ஆட்டத்துக்கு வந்தார். காதை மூடும் ஹெல்மெட் மட்டும் வேண்டாம்: பேட்டின் ஓரத்தில் பந்து உரசும் சத்தம் கேட்காது.

கேள்வி: பள்ளி கால்பந்துக்கு ரெஃப்ரியாகப் போகிறேன். மூக்குத்தி, தாலிக்கு டேப் ஒட்டினால் போதுமா? இன்னொன்று, என்னிடம் கறுப்பு ஜெர்சி மட்டும்தான் இருக்கிறது. ஓர் அணியும் கறுப்பில் வந்துவிட்டால்?
– உடற்கல்வி ஆசிரியை, தர்மபுரி

பதில்: டேப் உதவாது. வீரர்கள் நகையை டேப்பால் மூடக்கூடாது என்று 4ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. 5ஆம் விதி நடுவருக்கும் நகை கூடாது என்கிறது, நேரம் பார்க்கும் கடிகாரத்துக்கு மட்டும் அனுமதி. தாலிக்கென்று தனி விலக்கு விதியில் இல்லை. மைதானத்தில் பேசிக்கொண்டிருப்பதைவிட முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வருவது நல்லது. மாணவியின் கம்மலைக் கழற்றச் சொல்லும்போது எல்லோர் கண்ணும் உங்கள் மூக்கில்தான் இருக்கும். பழைய மூக்குத் துளை இரண்டு மணி நேரத்தில் தூர்ந்துவிடாது. புதிதாகக் குத்தியது என்றால், ஆட்டம் முடிந்த கையோடு வழக்கமான வேப்பங்குச்சியையாவது செருகிக்கொள்ளுங்கள். அடுத்து யாராவது கேட்டால், சீசன் முடிந்த பிறகு மூக்குக் குத்தச் சொல்லுங்கள்.

ஜெர்சி: இரு அணிகளும் ஒன்றிலிருந்து ஒன்றும், நடுவரிடமிருந்தும் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே விதி, கோல்கீப்பருக்கும் அப்படியே. மஞ்சளில் இரண்டாவது ஜெர்சி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பே இரு பயிற்சியாளர்களிடமும் நிறம் கேட்டு, லைனில் நிற்கும் உதவி நடுவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எதுவும் கைகூடவில்லை என்றால் அந்த அணிக்குப் பயிற்சி பிப் (ஜெர்சிக்கு மேல் போடும் கையில்லாத மேலாடை) மாட்டி ஆட்டத்தைத் தொடங்குங்கள். மஞ்சள் அட்டை சட்டைப் பையில், சிவப்பு ஷார்ட்ஸின் பின்பையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் அவசரத்தில் மாற்றித் தூக்கிவிடுவீர்கள்.

கேள்வி: கறுப்பு ஜெர்சியில் வெள்ளைத் திட்டு போகவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வியர்வை உப்பு. காய்வதற்கு முன்பே, மைதானக் குழாயிலேயே வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ந்துவிட்டால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு சோப்புப் போடுங்கள். பிளீச் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: கூடைப்பந்து நடுவர் ஷார்ட்ஸ் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி முழுநீளக் கறுப்பு பேன்ட், கறுப்பு சாக்ஸ், கறுப்பு கூடைப்பந்து ஷூ. உள்ளரங்க மரத்தரை என்றால் கோடு விழாத சோலாக இருக்கட்டும்.