காமகுரா கடற்கரை: படம் எடுக்கப் போவோரின் கேள்விகள்

கேள்வி: டோக்கியோவில் தங்கியிருக்கிறேன். ஒரே நாளில் காமகுரா கடலோரம் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காமகுராவில் எனோடென் ரயிலுக்கு மாறுங்கள். 1902இல் ஓடத் தொடங்கிய 10 கிலோமீட்டர் ஒற்றைத் தடம் அது. விடுமுறை நாளில் கூட்டம் நெரியும். வார நாளில் விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.

கேள்வி: கடலும் ஃபூஜி மலையும் ஒரே படத்தில் வேண்டும். எங்கே, எப்போது?

பதில்: தயங்காமல் இனாமுராகசாகி முனைக்குப் போங்கள். அங்கிருந்து மேற்கே எனோஷிமா தீவு, அதற்குச் சற்று வலப்புறம் ஃபூஜி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வறண்டிருப்பதால் மலை துலக்கமாகத் தெரியும். கோடையில் ஈரப்பதம் அதை மறைத்துவிடும், பல நாள் மலை இருக்கும் சுவடே தெரியாது. காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பனிச்சிகரத்தின் மேல் விழும். மாலையில் அதே மலை கருநிழலாக நிற்கும். மலை பெரிதாகத் தெரிய 70–200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ஆனால் அகன்ற லென்ஸையும் கொண்டுபோங்கள். அங்குள்ள மணலில் இரும்புத்துகள் கலந்திருப்பதால் கரை கறுத்திருக்கும். அலை வடிந்த கணத்தில் அந்த ஈரக் கருமணலில் வானத்தின் நிறம் முழுவதும் இறங்கும். இந்தக் கரையில் நான் மிகவும் விரும்பும் படம் அதுதான். சூரியன் மறைந்த உடனே கிளம்பிவிடாதீர்கள், நல்ல நிறம் அதன்பிறகே வரும்.

கேள்வி: சூரியன் ஃபூஜியின் உச்சியிலேயே இறங்குமா?

பதில்: ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இறங்கும். நிற்கும் இடத்தைப் பொறுத்து நாள் மாறும். குளிர்காலத்தில் மலைக்கு இடப்புறம் தள்ளி மறையும்.

கேள்வி: அண்ணா, 'ஸ்லாம் டங்க்' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் (அனிமே) வரும் அந்த ரயில்வே கேட் எங்கே இருக்கிறது?

பதில்: காமகுராகோகோமயே நிலையத்துக்குப் பக்கத்தில், தம்பி. பின்னணியில் கடல், குறுக்கே ரயில், அழகான இடம்தான். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் தெரு. படத்துக்காகச் சாலை நடுவில் நிற்பவர்களால் அவர்கள் படும் தொல்லை கொஞ்சமல்ல. நடைபாதையில் நின்று ஒரு ரயில் கடப்பதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு.

கேள்வி: குழந்தைகளோடு வருகிறோம். வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: ஹாசே நிலையத்தில் இறங்குங்கள். திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் 11 மீட்டருக்கும் மேல் உயரமான வெண்கலப் புத்தர், 13ஆம் நூற்றாண்டுச் சிலை, நடக்கும் தூரம்தான். அருகிலுள்ள ஹாசேதேரா கோயிலின் மேல்தளத்திலிருந்து யுய்காஹாமா கரை விரிந்து தெரியும். ஜூனில் அங்கே ஹைட்ராஞ்சியா பூத்துக் குலுங்கும். கடற்கரையில் குழந்தைகள் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள். பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து பறித்துப் போகும், நகம் கீறிவிடும். கூரைக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.