வார இறுதிக் காருக்குக் காபரேற்றரா, இன்ஜெக்சனா? கேள்வி பதில்

சுன்னாகம்: ஐயா, என்னுடைய கேஈ70 கொரோலாவில் 4கே எஞ்சின் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓட்டுகிறேன். காபரேற்றரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்சன் பூட்டினால் எவ்வளவு வலு கூடும்?

பதில்: அதை மட்டும் மாற்றினால் மிகச் சிறிதளவே கூடும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகும் என்பதை வால்வுகளும் காம்சாஃப்ற்றும் புகைக்குழாயும் தீர்மானிக்கின்றன. அந்தக் காற்றுக்குரிய பெற்றோலை அளந்து கொடுப்பதே காபரேற்றரின் வேலை, இன்ஜெக்சனின் வேலையும் அதுவே. முழு வலுவுக்குத் திணிவுப்படி 12.5 முதல் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் வேண்டும். சரியான ஜெற் (பெற்றோலை அளந்து விடும் துளை) போட்டுச் சீர்செய்த, வெபர் என்ற வகைக் காபரேற்றர், அக்சிலேற்றரை முழுதாக மிதித்த நிலையில் இதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். பெற்றோல் வழியிலேயே ஆவியாகிக் காற்றைச் சற்றுக் குளிர்விப்பதும் அதற்குரிய ஒரு நன்மை. வேறுபாடு அரை மிதியில்தான் தெரியும். ஐடில் ஜெற்றிலிருந்து மெயின் ஜெற்றுக்குக் கைமாறும் இடத்தில் காபரேற்றர் தடுமாறக்கூடும். இன்ஜெக்சனில் ஒவ்வொரு வேகத்துக்கும் சுமைக்கும் தனித்தனியாக அளவு வைக்கலாம். ஆகவே முதலில் கொம்பிரசனையும் வால்வு இடைவெளியையும் இக்னிசனையும் பாருங்கள்.

நல்லூர்: 4ஏ-ஜீஈ எஞ்சின் வைத்திருக்கிறேன். வெபரின் சத்தத்துக்காக அதை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 1983 இல் வந்த நாளிலிருந்தே இன்ஜெக்சனுடன் இருக்கும் எஞ்சின் அது. அந்தச் சத்தம் காபரேற்றரால் வருவதன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி திறொட்டில் (காற்றைத் திறந்து மூடும் கதவு) இருப்பதால் வருவது. பின்னாளில் வந்த 20 வால்வு 4ஏ-ஜீஈயில் தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வைத்தார்கள்.

மானிப்பாய்: அப்பாவின் மொறிஸ் மைனருக்கு இன்ஜெக்சன் பூட்டலாமா?

பதில்: அதிலுள்ள எஸ்யூ காபரேற்றரின் டாம்பருக்கு எண்ணெய் விட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். அந்தக் காரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். மின்சாரம் தருவதும் டைனமோ. இரண்டையும் மாற்றாமல், இன்ஜெக்சனைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவைப் பற்றி நினைக்கவே முடியாது.

கொக்குவில்: இன்ஜெக்சனுக்கு மாறுகிறேன். பழைய பெற்றோல் பம்பையும் ரியூப்பையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. காபரேற்றருக்கு 0.2 முதல் 0.3 பார் அமுக்கம் போதும். இன்ஜெக்சனுக்கு ஏறத்தாழ 3 பார் வேண்டும். பழைய ரப்பர் ரியூப் அந்த அமுக்கத்தில் வெடித்தால் சூடான புகைக்குழாயின்மேல் பெற்றோல் பீச்சும். எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிடப்பட்ட ரியூப்பையே வாங்குங்கள். எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும்படி றிலேயை இணையுங்கள். தீயணைப்பானைச் சாரதி ஆசனத்திலிருந்து எட்டும் இடத்தில் பூட்டுங்கள். வளைவில் ராங்கியில் பெற்றோல் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சினால் அந்தக் கணமே கலவை மெலிந்து பிஸ்டன் உருகவும் கூடும் என்பதால், இடையில் எப்போதும் பெற்றோல் நிறைந்திருக்கும் ஒரு சிறு சேர்ஜ் ராங்கியும் அவசியம்.

சாவகச்சேரி: தம்பி, தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றர் வாயில் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயிலேயே ஓட்டினோம். உங்கள் இன்ஜெக்சன் காராக இருந்திருந்தால் வளவில் நிறுத்திப் பூப்போட்டுத்தான் கும்பிட்டிருப்போம்.

வட்டுக்கோட்டை: ஐயா, அது வேறு வழியில்லாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வேகமாக ஓட்டும் காருக்கு அந்தக் கதை எதற்கு?

சாவகச்சேரி: 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டீர்களா? காலம் திரும்பாது என்று யார் சொன்னது?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் இந்த விவாதம் எனக்கும் பிடித்தமானது. ஏ40 மண்ணெண்ணெயைச் சகித்ததற்குக் காபரேற்றர் பாதிக் காரணமே. மறுபாதி, அதன் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம்) ஏறத்தாழ 7க்கு 1 என்று தாழ்வாக இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு. 10க்கு 1 கொம்பிரசனுள்ள எஞ்சினில் அதை ஊற்றினால், எந்தக் காபரேற்றர் பூட்டியிருந்தாலும் தட்டும். ஆவியாகாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததையும் ஐயா அறிவார். 2022 ஐப் பொறுத்தவரை நான் வேறு பாடம் படிக்கிறேன். மாதக்கணக்கில் நின்ற கார்களில் காபரேற்றர்க் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் பிசின் மட்டும் எஞ்சி ஜெற்றை அடைத்தது. இன்ஜெக்சனில் பெற்றோல் மூடிய குழாயில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆறு நாள் நிற்கும் காருக்கு இது கவனிக்க வேண்டிய விடயம். ஆனால் ஆனையிறவு வெளியில் நின்றுவிட்டால் காபரேற்றரை ஒரு ஸ்குரூ டிறைவரால் திறக்கலாம். இன்ஜெக்சனில் எஞ்சின் சுழல்வதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங் சென்சர் செத்தால் உதிரி சென்சர் கையில் இருக்க வேண்டும். அடைபட்ட ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும்.

பருத்தித்துறை: நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குப் போக ஆசை. இங்கே ட்யூன் செய்த வெபர் அங்கே சரிவருமா?

பதில்: சரிவராது. இங்கே யாழ்ப்பாணத்தில் நாம் ஏறத்தாழக் கடல்மட்டத்தில் இருக்கிறோம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவதால், அதே ஜெற்றில் கலவை பத்தில் ஒரு பங்களவு செறிந்துவிடும். சிறிய ஜெற் ஒரு தொகுதி கொண்டுபோங்கள். காற்றமுக்கத்தை அளக்கும் சென்சர் கொண்ட இன்ஜெக்சன் இதைத் தானே திருத்திக்கொள்ளும். உயரம் மாறும் ஓட்டத்துக்கு நான் தயங்காமல் இன்ஜெக்சனையே சொல்வேன்.

கோண்டாவில்: எதில் வலு கூட, காபரேற்றரிலா இன்ஜெக்சனிலா?

பதில்: சுன்னாகத்தவருக்கு எழுதியதைப் படியுங்கள்.

காரைநகர்: வலு எதில் கூடுதல் என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

பதில்: ட்யூனிங்கில்.

இணுவில்: கராஜில் சாதாரண ரியூப்பையே பூட்டி, இரண்டு கிளிப் போட்டால் தாங்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கிளிப் ரியூப்பின் நுனியைத்தான் பிடிக்கும், ரியூப் நடுவில் வெடிக்கும். மாற்றும்வரை அந்தக் காரை ஸ்ராட் செய்யாதீர்கள்.