அமைச்சரைத் தர மறுத்த ராணுவம்: ஜெனரல் உகாகி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பான் ராணுவம் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது டோஜோ மட்டும்தான். நேதாஜியைப் பற்றிப் படிக்கும்போது அறிமுகமான பெயர். ஜெனரல் உகாகி கசுஷிகே 1925இல் நான்கு டிவிஷன்களை, அதாவது பெரிய படைப்பிரிவுகளை, கலைத்தார் என்றும், 1937இல் அவர் பிரதமராவதை ராணுவமே தடுத்துவிட்டது என்றும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். பேரரசரே அழைத்த ஒருவரை ராணுவம் எப்படித் தடுக்க முடிந்தது? படையைக் குறைத்த அந்த மனிதர் பிரதமராகியிருந்தால் சீனப் போர் நடந்திருக்காது அல்லவா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

டோஜோ பிரதமரானது 1941 அக்டோபரில். அதற்கு வெகுகாலம் முன்பே அரசு ராணுவத்தின் பிடிக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று புரிந்துகொள்ள உகாகியைப் போல உதவும் ஆள் வேறில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். ராணுவ அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் உயர்நிலைப் படைத்தலைவர்களாகவே இருக்கவேண்டும் என்று 1900இல் யமகாட்டா அரிடோமோவின் அரசு ஆணையிட்டது. பணியில் இருப்பவர் ராணுவத்தின் பேச்சை மீறி அமைச்சராக முடியாது. எனவே யாரை அனுப்புவது, அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு ராணுவத்தின் கைக்கு வந்தது. அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அமைச்சரவையே அமையாது. அமைந்த அமைச்சரவையாக இருந்தாலும், ராணுவ அமைச்சர் விலகி, மாற்று ஆளை ராணுவம் தராவிட்டால் கவிழும்.

1912 டிசம்பரில் அது நடந்தது. கொரியாவில் நிறுத்த இரண்டு புதிய டிவிஷன்கள் கேட்டார் ராணுவ அமைச்சர் உயேஹாரா யூசாகு. பணமில்லை என்றது அமைச்சரவை. அவர் பிரதமரைத் தாண்டி நேரே பேரரசரிடம் விலகல் கடிதம் கொடுத்தார். ராணுவம் அடுத்த ஆளைத் தரவில்லை. சில நாட்களில் சாயோன்ஜி அரசு விழுந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த எதிர்ப்பின் விளைவாக 1913இல் யமமோட்டோ அரசு விதியைத் தளர்த்தி, ரிசர்வ் பட்டியலில், அதாவது பணியிலிருந்து விலகியவர்களின் பட்டியலில், உள்ளவர்களும் அமைச்சராகலாம் என்று திருத்தியது. இந்தத் திருத்தத்தை ராணுவ அமைச்சகத்துக்குள் மூர்க்கமாக எதிர்த்தவர்களில் ஒருவர், அங்கே பிரிவுத் தலைவராக இருந்த உகாகி. அதற்காகவே அமைச்சகத்திலிருந்து மாற்றப்பட்டு, நகோயாவில் ஒரு ரெஜிமென்டுக்கு அனுப்பப்பட்டார்.

இப்போது 1925. ராணுவ அமைச்சராக உகாகி 21 டிவிஷன்களில் நான்கைக் கலைத்தார். ஏறத்தாழ 34,000 பேர் குறைந்தார்கள். செய்தித்தாளில் இது ஆயுதக் குறைப்பு. ஆனால் மிச்சமான பணம் எங்கே போனது என்று பாருங்கள்: ஜப்பானின் முதல் டாங்கிப் பிரிவு, விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவு, கூடுதல் விமான ரெஜிமென்டுகள். முதல் உலகப் போர் காட்டிய பாடத்தின்படி, ஆட்களைக் குறைத்து இயந்திரங்களைக் கூட்டினார். கலைத்த டிவிஷன்களில் வேலை இழக்கவிருந்த அதிகாரிகளையும் வீணாக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் ஆணையின்படி, நடுநிலைப் பள்ளி முதல் மேற்படிப்பு நிலையங்கள் வரை பணியிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சியாளர்களாக அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டு, பள்ளிக்குப் போகாத 16 முதல் 20 வயது இளைஞர்களுக்குப் பயிற்சி நிலையங்கள். அங்கே பயிற்சியை முடித்தவருக்கு ராணுவச் சேவை இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டாகக் குறையும் என்ற சலுகையும் உண்டு. ஏழை விவசாயக் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் பெரிய விஷயம். பாராக்கில் குறைந்த ராணுவம் வகுப்பறையிலும் கிராமத்திலும் வளர்ந்தது. உகாகியின் மற்ற எந்தச் செயலையும்விட இதையே நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். போருக்கு நாடு முழுவதும் ஒரே உடலாகத் திரளவேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ராணுவத்துக்குள் இது அவருக்குப் பகையைச் சேர்த்தது. 16 காலாட்படை ரெஜிமென்டுகளின் கொடிகள் பேரரசரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. பதவி உயர்வின் ஏணிகள் உடைந்தன. அதை அவர்கள் மறக்கவில்லை.

அடுத்து 1931 மார்ச். ஹாஷிமோட்டோ கிங்கோரோவின் இளம் அதிகாரிகள் குழுவும், சிந்தனையாளர் ஓகாவா ஷூமெயும், சில மூத்த தளபதிகளும் சேர்ந்து திட்டமிட்டார்கள்: கலவரம் தூண்டுவது, பாதுகாப்பு என்ற பெயரில் நாடாளுமன்றத்தை ராணுவம் சூழ்ந்துகொள்வது, அமைச்சரவையை விலகவைத்து உகாகியைப் பிரதமராக்குவது. பயிற்சிக் குண்டுகள்கூட கைமாறிவிட்டன. அப்போது ராணுவ அமைச்சராக இருந்த உகாகிக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றுவரை விவாதப் பொருள். கடைசியில் அவர் பின்வாங்கினார், திட்டம் நின்றது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. தன் பெயரே அடிபடும் விவகாரத்தை அமைச்சரே எப்படி விசாரிப்பார்? செப்டம்பரில், வடகிழக்குச் சீனாவில் இருந்த ஜப்பானின் குவான்டுங் படையினர் முக்டென் நகருக்கு அருகே ரயில் பாதையில் வெடிவைத்து மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கினார்கள். அக்டோபரில் மீண்டும் ஹாஷிமோட்டோவின் சதி. தண்டனை சில வார வீட்டுக்காவல். மார்ச்சில் கறாராக நடவடிக்கை எடுத்திருந்தால் இந்தத் துணிச்சல் இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது என்பது என் கணிப்பு. உகாகியின் மிகப் பெரிய தவறு இந்த மௌனம்.

1936 பிப்ரவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், மே மாதம், ஹிரோட்டா அரசு 1900இன் விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. கிளர்ச்சியோடு தொடர்புடையவர்களாகக் கருதப்பட்டு ரிசர்வுக்கு அனுப்பப்பட்ட ஜெனரல்கள் அமைச்சராகத் திரும்பிவிடக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். ராணுவத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போலவே தோன்றியது.

எட்டு மாதம் கழித்து, 1937 ஜனவரி இறுதியில், உகாகிக்கு அமைச்சரவை அமைக்கும்படி அழைப்பு வந்தது. அரண்மனைக்குப் போகும் வழியிலேயே கென்பெய்தாய் என்ற ராணுவக் காவல்படையின் தளபதி நகாஜிமா கெசாகோ காரை மறித்து, மறுத்துவிடும்படி சொன்னார். உகாகி கேட்கவில்லை, அழைப்பை ஏற்றார். புதிய ராணுவ அமைச்சரைத் தேர்வது பதவி விலகும் ராணுவ அமைச்சர், தலைமைத் தளபதி, பயிற்சித் தலைமை ஆய்வாளர் ஆகிய மூவரின் வேலை. மூன்று தளபதிகளைக் கேட்டோம், எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. பின்னால் இருந்து எதிர்ப்பைத் திரட்டியவர் மஞ்சூரியாத் திட்டத்தின் மூளையான இஷிவாரா கான்ஜி. கட்சிகளோடும் பெருமுதலாளிகளோடும் நெருக்கமான உகாகி வந்தால் தன் ஆயுத உற்பத்தித் திட்டம் கெடும் என்று அவர் அஞ்சினார்.

உகாகி தன் பழைய சகாவும் கொரியாவில் படைத்தளபதியுமான கொயிசோ குனியாகியைக் கேட்டார், மறுப்பு. தானே ராணுவ அமைச்சர் பொறுப்பையும் ஏற்கலாமா என்றால், 1931இல் கொரியாவின் ஆளுநராகப் போகும்போதே ரிசர்வுக்குச் சென்றுவிட்டார். பேரரசரின் ஒரு சொல் இருந்தால் வழி திறக்கும் என்று அரண்மனையின் முத்திரைக் காப்பாளர் யுவாசா குராஹெயிடம் கேட்டார். ராணுவத்துக்கும் பேரரசருக்கும் மோதல் வரக்கூடாது என்று யுவாசா கைவிரித்தார். ஜனவரி 29 அன்று உகாகி விலகினார். 1913இன் தளர்வு நீடித்திருந்தால், ரிசர்வில் இருந்த அவரே அந்த நாற்காலியில் அமர்ந்து அரசை அமைத்திருக்கலாம். அந்தத் தளர்வைத்தான் அவர் அன்று எதிர்த்திருந்தார்.

இரண்டாவது கேள்வி. அவர் பிரதமராகியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நம்மிடம் இருக்கும் சான்று, சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1938. அந்த மே மாதம் கொனோயே அரசில் வெளியுறவு அமைச்சரானார். சீனாவின் சியாங் கை-ஷெக் அரசோடு பேசமாட்டோம் என்ற கொனோயே அரசின் ஜனவரி அறிக்கையைத் தேவைப்பட்டால் கைவிடவேண்டும் என்று நிபந்தனை போட்டே பதவியேற்றார்; சீனத் தரப்போடு பேச்சும் தொடங்கினார். சீன விவகாரங்களை வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து பறித்துத் தனி வாரியத்திடம் கொடுக்கும் திட்டத்தை ராணுவம் முன்தள்ளியது. கொனோயே இணங்கினார். செப்டம்பர் இறுதியில் உகாகி பதவி விலகினார்.