சுவரை மூடும் முன் கேட்க வேண்டியவை: குழாய், குளியலறை கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பழைய வீட்டுக் குழாயோடு மல்லுக்கட்டுபவர்களும் கேட்ட கேள்விகள் இவை. தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். வயரிங், பெயின்ட், வாஸ்து வேண்டாம்.

குடியாத்தம்: அண்ணா, முதல் மாடி பாத்ரூமுக்கு, பைப் ஓட ஸ்லாப்பை 9 அங்குலம் இறக்கிப் போட்டாச்சு. ஒரு கோட் வாட்டர் ப்ரூஃப் அடிச்சிட்டு, உடைச்ச கான்கிரீட்டைக் கொட்டி ரொப்பிடலாம்னு மேஸ்திரி சொல்றார். சரிதானே?

சரியில்லை தம்பி. உடைத்த கான்கிரீட்டின் கூர்முனை பூச்சைக் கிழிக்கும். ஐந்துக்கு ஏழு பாத்ரூம் என்றாலும் ஒரு டன்னுக்கு மேல் வீண் பாரம் ஸ்லாப்பில் ஏறும்.

முதலில் பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும் கலவை, பலகைச் சில்லு, ஆணி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துக் கழுவுங்கள். அடுத்து, பைப் துளைத்துப் போகும் இடங்கள். பாதி ஒழுகலுக்கு அந்த இடுக்குதான் காரணம். சாதாரண சிமென்ட் கலவையால் அடைத்தால் காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும். சுருங்காத கிரவுட் என்றே கேட்டு வாங்கி அடையுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலையை 1:3 சிமென்ட்-மணல் கலவையால் இரண்டு அங்குலத்துக்கு உருட்டிப் பூச வேண்டும். கூர்மூலையாக விட்டால் பூச்சு முதலில் அங்கேதான் வெடிக்கும்.

பூச்சுக்குப் பொடியும் பால் போன்ற திரவமுமாக இரண்டு பாகத்தில் வரும் பாலிமர் சிமென்ட் வகை போதும். முதல் கோட் குறுக்கே, காய்ந்த பிறகு இரண்டாவது நெடுக்கே. பள்ளத்துச் சுவர் முழுக்க ஏறி, முடிந்த தரை மட்டத்துக்கு மேலே 1 அடி வரை போகட்டும். ஷவர் நிற்கும் சுவரில் 6 அடி.

டப்பாவில் சொன்ன நாள் வரை காயவிட்டு, 4 அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகவும் குறையும். அதனால் பக்கத்திலேயே ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். பக்கெட்டில் இறங்கியதைவிடப் பள்ளத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. கீழறைக் கூரையில் ஓதம் படிகிறதா என்றும் பாருங்கள்.

தேறிய பிறகு செங்கல் ஜல்லியோ எடை குறைந்த ஏஏசி பிளாக் துண்டோ போட்டு நிரப்புங்கள். பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு முக்கால் அங்குலப் பைப்பை வெளிச்சுவர் வழியாக எட்டிப் பார்க்க விடுங்கள். என்றைக்காவது உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பைப் புதைக்கச் சுவரில் வெட்டிய காடியைப் பூசும் முன் எல்லா முனைக்கும் பிளக் போட்டு, கை பம்பால் 7 கிலோ (சதுர செ.மீ.க்கு) பிரஷர் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். பைப்பை ஒட்டும் பசையான சால்வென்ட் போட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் இந்த டெஸ்ட். பிறகு சுவரில் டேப்பை விரித்து வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் போட்டோ மட்டும்தான் சொல்லும்.

பேரணாம்பட்டு: எந்தக் கம்பெனி சிபிவிசி பைப் நல்லது?

சிபிவிசி என்பது வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப். அதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15778 முத்திரை உள்ள எதுவும். பைப், ஃபிட்டிங், சால்வென்ட் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

காட்பாடி: சார், மாடி இல்லாத வீடு. தளத்து மேல 3 அடி ஸ்டாண்டில் டேங்க். பெரிய ரெயின் ஷவர் வாங்கி மாட்டினோம், நூல் நூலாகத்தான் ஊத்துது. டேங்கிலிருந்து வரும் 1 அங்குல லைனை அரை அங்குலமாக மாத்தினால் பிரஷர் ஏறும்னு பிளம்பர் சொல்றார். மாத்தலாமா?

மாற்றாதீர்கள். நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கும் நம்பிக்கை இது, இதனால் எத்தனையோ பாத்ரூம் பாழாகியிருக்கிறது. அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

பிரஷரைத் தருவது உயரம் மட்டும்தான். 10 அடி உயரத்துக்கு 0.3 பார் (பார் என்பது பிரஷரின் அலகு, ஏறத்தாழ ஒரு கிலோ பிரஷர்). உங்கள் தளம் 10 அடி, ஸ்டாண்ட் 3 அடி, ஆக டேங்கின் அடி 13 அடியில். ஷவர் 7 அடியில். மிச்சம் 6 அடி. டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் 4 அடி சேர்த்து 10 அடி, அதாவது 0.3 பார். ரெயின் ஷவர்கள் பெரும்பாலும் கேட்பது 0.5 முதல் 1 பார். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இருக்கிற அந்த 0.3 பாரையும் வழியில் தின்பது பைப்பின் உராய்வு. சிபிவிசி அரை அங்குலப் பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ., முக்கால் 18, ஒரு அங்குலம் 23. அதே அளவு தண்ணீரை ஓட்டும்போது, உள்விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு சுமார் 32 மடங்கு ஆகிறது. 1 அங்குலத்தை அரை ஆக்கினால் 20 மடங்குக்கு மேல் இழப்பு. ஷவருக்கு வந்து சேர ஒன்றும் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். டேங்க் வாய் ஒன்றரை அங்குலம், மொட்டை மாடி மெயின் ஒன்றேகால், கீழே இறங்குவது 1 அங்குலம், பாத்ரூமுக்குள் முக்கால். கடைசியாகக் குழாய் மாட்டும் இடத்தில் மட்டும் அரை. கேட் வால்வு இருந்தால் கழற்றிவிட்டு முழுத் துளை பால் வால்வு போடுங்கள். டேங்க் வால்வுக்கு அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, டேங்க் மூடிக்கு மேலே வரை ஒரு காற்றுப் பைப் நிறுத்துங்கள், பைப்பில் காற்று அடைக்கும் ஏர் லாக் பிடிக்காது. ஸ்டாண்டை 3 அடியிலிருந்து 8 அடியாக்கினால் இன்னும் 0.15 பார் கிடைக்கும். ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஸ்டாண்டின் கால்கள் பீம் மேலே உட்கார வேண்டும், வெறும் ஸ்லாப் நடுவில் கூடாது. இத்தனைக்குப் பிறகும் அந்த ரெயின் ஷவர்தான் வேண்டும் என்றால் டேங்குக்கு அடுத்துப் பிரஷர் பம்ப் ஒன்றே வழி.

ஆற்காடு: நீங்க சொல்றது புத்தகத்துக் கணக்கு. தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டை விரலால் அழுத்துங்க, தண்ணி பத்தடி பாயுது. வாய் சின்னதானா வேகம் கூடுது. கண்ணால பாக்குறதை எப்படி இல்லைன்னு சொல்வீங்க?

பாய்வதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஏன் பாய்கிறது என்று பார்ப்போம். விரலை வைத்ததும் ஹோஸில் ஓடும் தண்ணீரின் அளவு குறைகிறது. ஓட்டம் குறைந்தால் ஹோஸுக்குள் உராய்வு இழப்பும் குறைகிறது. ஓடும்போது வழியில் செத்துக்கொண்டிருந்த பிரஷர் இப்போது வாய்வரை வந்து சேர்கிறது, அதனால் தெறிக்கிறது. நீங்கள் புதிதாகப் பிரஷர் எதையும் உண்டாக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரல் வைத்தது வாயில். பிளம்பர் சுருக்கச் சொல்வது வழியை, 40 அடி நீளத்துக்கு. வாயைச் சுருக்கினால் வேகம், வழியைச் சுருக்கினால் வறட்சி. ஷவர் தட்டில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள்தான் அந்தக் கட்டை விரல், அந்த வேலையை அவை ஏற்கெனவே செய்கின்றன.

ஒரு பக்கெட்டை எடுங்கள். விரல் வைக்காமல் நிரம்ப எத்தனை நொடி, வைத்தால் எத்தனை நொடி என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாலாஜா: ஆற்காடு சொல்றது சரி சார். எங்க வீட்ல 500 லிட்டர் டேங்க்கை எடுத்துட்டு 2000 லிட்டர் வெச்சோம், பிரஷர் பிச்சிக்கிட்டு வருது. தண்ணியோட வெயிட்டு அழுத்துதுல்ல?

எடை இல்லை சார், உயரம். புது டேங்க் பழையதைவிட இரண்டடி உயரமாக இருந்தால் அந்த இரண்டடிக்கு 0.06 பார், அதுவும் நிரம்பியிருக்கும்போது மட்டும். நீங்கள் உணரும் மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். டேங்க் மாற்றும்போது வாயும் வால்வும் சேர்ந்து மாறியிருக்கும். பழைய வாயில் உப்புப் படிந்து விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருப்பது இங்கே சகஜம். கழற்றிய பழைய வால்வு கிடந்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

விருதம்பட்டு: அப்போ கார்ப்பரேஷன் லைன்லயே நேரா மோட்டார் வெச்சு இழுத்தா?

கூடாது. சட்டப்படி தப்பு. அதோடு லைனில் உறிஞ்சல் உண்டானால் விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும், தெருவே குடிக்கும். சம்ப்பில் விழட்டும், அங்கிருந்து ஏற்றுங்கள்.

ஆம்பூர்: போர் தண்ணி ஒரே உப்பு. சாஃப்ட்னர் போட்டால் உப்பு போயிடுமா அண்ணா?

போகாது. கடினத்தன்மை வேறு, உப்புத்தன்மை வேறு. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளைப் படிவம் படியாது, ஆனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) குறையாது. தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய பாலாற்றுப் படுகைப் பகுதிகளில் நிலத்தடி நீரின் பிரச்சினை பெரும்பாலும் டிடிஎஸ்தான். குடிநீருக்கான ஐஎஸ் 10500 அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்: டிடிஎஸ் 500, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. கடினத்தன்மை 200, அதேபோல் 600 வரை. முதலில் இரண்டையும் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள். எண் தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள்.

சத்துவாச்சாரி: போர் தண்ணிதான். கீசர் காயில் எட்டே மாசத்தில் போச்சு, இது ரெண்டாவது தடவை.

காயில் மேல் படிவம் ஓடாகப் பிடிக்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கி அதை எரிக்கிறது. சூடு கூடக் கூடப் படிவம் வேகமாகக் கட்டும். அதனால் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். வருடம் ஒருமுறை காயிலைக் கழற்றிப் படிவம் எடுக்க வேண்டும். அப்போதே மக்னீசியம் கம்பியையும் பாருங்கள், கரைந்து ஒல்லியாகியிருந்தால் மாற்றுங்கள். டேங்குக்கு வரும் துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்வது அந்தக் கம்பிதான். மேலே உள்ள சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று யாரும் பிளக் போட்டு அடைக்கக் கூடாது. அடைத்தால் கீசர் வெடிக்கும்.

அரக்கோணம்: சிபிவிசியில் எந்தப் பிராண்ட் எடுக்கலாம்?

மேலே பேரணாம்பட்டுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஆரணி: வீட்டில் பத்துப் பேர். செப்டிக் டேங்க் எவ்வளவு பெரிசு கட்டணும்?

பத்துப் பேருக்கு உள் அளவு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழிவெடுப்பதானால் தண்ணீர் ஆழம் 1 மீட்டர், மூன்று வருடம் என்றால் 1.4. அதற்கு மேலே ஒரு அடி காற்றுக்கு. ஐஎஸ் 2470 சொல்வது இது. உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் டீ மாட்டுங்கள், வெளி வாய் இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் ஊற உறை இறக்கும் குழி, குடிக்கும் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குளிக்கிற தண்ணீரை டேங்குக்குள் விடாதீர்கள்.

அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து ஒரு நாள் காற்றாட விட்டாலும் இறக்காதீர்கள். அடியில் நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளை விழ வைக்கும், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றமும்கூட. லாரியை வரச் சொல்லுங்கள்.

அணைக்கட்டு: ஊருக்குப் போயிட்டு வந்தா பாத்ரூமில் சாக்கடை நாத்தம். மத்த நாள்ல இல்லைங்க.

தரைத் தண்ணீர் இறங்கும் வாயான நஹானி டிராப்பில் நாற்றத்தைத் தடுக்க நிற்க வேண்டிய இரண்டு அங்குலத் தண்ணீர் வற்றிவிட்டது அம்மா. ஒரு குடம் ஊற்றுங்கள், நின்றுவிடும். ஊருக்குப் போகும்போது டிராப் மேல் தண்ணீர் நிரப்பிய கவரை வைத்துவிட்டுப் போங்கள்.

கொசப்பேட்டை: ஈசானிய மூலையில் கக்கூஸ் வரலாமா?

வாஸ்து கேட்க வேண்டாம் என்று மேலேயே சொன்னேன். அந்த மூலையிலிருந்து வெளியே உள்ள கழிவுநீர்ச் சேம்பருக்கு 4 அங்குலப் பைப் 40க்கு 1 வாட்டத்தில் போகிறதா, அதை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை: எங்க ஷவரிலும் தண்ணி கம்மி, அரை அங்குலமாகக் குறைச்சால்...

வேண்டாம். காட்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் எழுதியதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

ஆற்காடு (மறுபடியும்): 15 லிட்டர் பக்கெட். சும்மா விட்டா 40 நொடி, விரல் வெச்சா 75. ஒத்துக்கறேன். பாத்ரூம் லைனைப் போய்ப் பார்த்தேன், மொட்டை மாடியிலேர்ந்தே அரை அங்குலம்தான் வருது. 60 அடி, 14 எல்போ வளைவு. எங்கேர்ந்து மாத்த ஆரம்பிக்கறது?

அளந்து பார்த்ததற்கு நன்றி. சுவரைத் தொடாமல் தொடங்கலாம். டேங்க் வாயிலிருந்து பாத்ரூம் சுவருக்குள் நுழையும் இடம் வரை வெளியே தெரிகிற பைப் முழுவதையும் 1 அங்குலமாக்குங்கள். நேராக ஓட வேண்டிய இடத்தில் சுற்றி வளைத்திருந்தால் எல்போவைக் குறையுங்கள், திரும்ப வேண்டிய இடத்தில் நீள் வளைவு பெண்ட் போடுங்கள். மொட்டை மாடியில் வெயில் படும் சிபிவிசிக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஆயில் பெயின்ட் வேண்டாம், அது பைப்பைத் தின்னும்.

மாற்றிய பிறகு டேங்க் அதே மட்டத்தில் இருக்கும்போது அதே பக்கெட்டை ஷவருக்கு அடியில் வைத்து நொடி எண்ணுங்கள். முன்பு எடுத்ததையும் எழுதி வையுங்கள். போதாவிட்டால்தான் சுவருக்குள் இருக்கும் அரையை முக்காலாக்கக் காடி வெட்ட வேண்டும். வெட்டினால் பூசும் முன் 7 கிலோ, ஒரு மணி நேரம்.