நிறைந்தபடி திரும்பும் டிபன் பாக்ஸ்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் பிளம்பிங் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நண்பர்கள் என்று யாரும் வீட்டுக்கு வருவதில்லை, இவனும் எங்கும் போவதில்லை. பழைய பள்ளியில் உடன் படித்த ஒரு பையனோடு மட்டும் இரவில் போனில் செஸ் ஆடுவான், பேசுவான், அதோடு சரி. நாள் முழுவதும் நாலு பேரிடம் பேசிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று கவலையாக இருக்கிறது.

ஆகஸ்டில் அவன் பிறந்தநாளுக்கு, அவனுக்குத் தெரியாமல் வகுப்புப் பையன்கள் ஆறு பேரை அழைத்திருந்தேன். கேக்கை வெட்டியவன் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தான்; வந்தவர்கள் டிவி பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார வைத்தால், முக்கால் இஞ்ச் எல்போ எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடாமலே எடுத்துத் தருவான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வாடிக்கையாளர் "தம்பி என்ன படிக்குது?" என்று கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கள் வீட்டு ஊமைக்கோட்டான்" என்று சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

ஜூனில் புதிய பள்ளியில் சேர்ந்ததிலிருந்து மதியச் சாப்பாடும் சரியில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. தன் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று அவன் அம்மாவுக்கு வருத்தம். திங்கட்கிழமையானால் வயிற்றுவலி என்பான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வருகிற பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு மூன்று நாள் போகிறோம். வரமாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நீங்கள் பெரிதாக எழுதியிருப்பது எனக்கு அத்தனை கவலை தரவில்லை. போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் கவலை தருகிறது.

முதலில் பெரிதாக எழுதியதை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் அகமுகம் (மனம் உள்நோக்கித் திரும்பியிருப்பது), புறமுகம் (மனம் வெளியுலகை நாடுவது) என்று மனிதர்களின் இயல்பைப் பிரித்துக் காட்டியபோது, இரண்டில் எதையும் நோய் என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டியும் புதிய ஒலிகளைக் கேட்கச் செய்தும் பார்த்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுதது. அப்படி அழுதவர்களில் பலர், எல்லாரும் அல்லர், வளர்ந்த பிறகும் புதியவர்களிடம் தயங்குகிறவர்களாகவே இருந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் பேசினால் உங்களுக்குத் தெம்பு வருகிறது. உங்கள் மகனுக்கு அதே பத்துப் பேர் களைப்பைத் தருகிறார்கள். இரவு தவறாமல் ஒருவனோடு செஸ் ஆடிப் பேசுகிற பையனுக்கு நட்புப் பாராட்டத் தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் போன் நேரத்தைத் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.

இனி டிபன் பாக்ஸ். தனிமையை விரும்புகிற பையன் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்தாவது சாப்பிட்டுவிடுவான். ஜூன் வரை சாப்பிட்டவன் புதிய பள்ளிக்குப் போனதிலிருந்து சாப்பிடாமல் வருகிறான், வாரத்தின் முதல் நாளில் வயிறு வலிக்கிறது என்கிறான் என்றால், அது சமையலின் குறையும் அன்று, பொய்யும் அன்று. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். பிறர் பார்க்கச் சாப்பிடக் கூச்சமாக இருக்கலாம், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் இருக்கலாம், யாராவது கேலி செய்து கொண்டிருக்கலாம். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. பிறர் பார்வைக்கு அஞ்சி ஒதுங்குவது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, சாப்பாட்டையும் படிப்பையும் தொடும்போது, அதைச் சமூகப் பதற்றம் என்ற கோணத்தில் மருத்துவர்கள் ஆராய்வார்கள். ஜூனிலிருந்து கணக்கிட்டால் அந்த எல்லையை நெருங்கிவிட்டீர்கள்.

அவனிடம் கேளுங்கள், ஆனால் எதிரே உட்கார வைத்து, "ஏன்டா யாரோடும் பேச மாட்டேங்கிறே?" என்று கேட்காதீர்கள். அது விசாரணை. கடையில் இருவரும் சேர்ந்து சரக்கு எண்ணும்போது, கண் பெட்டியிலும் கை நிப்பிள் குழாய்த் துண்டிலும் இருக்கும்போது, "சாப்பாட்டு மணி அடிச்சதும் எங்கே உட்காருவே?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராது. நீங்கள் பேச்சை இட்டு நிரப்பிப் பழகியவர் என்பதால் அந்த மௌனம் உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும். அடுத்த பெட்டியை எண்ணத் தொடங்குங்கள். அன்று சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு சொல்வான். கேலி, அடி என்று ஏதாவது வெளிவந்தால் உடனே பள்ளிக்கு ஓடாமல், வகுப்பாசிரியரிடம் என்ன சொல்லலாம் என்பதை அவனோடு பேசி முடிவு செய்த பிறகு போங்கள்.

ஊமைக்கோட்டான் என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் சங்கடத்தை மறைக்கச் சொன்னீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பாவே ஊர் முன்னால் வைத்த பெயரை ஒரு பையன் எளிதில் உதறிவிட முடியாது. "தம்பி என்ன படிக்குது?" என்ற கேள்விக்கும் இனி நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லிவிடுவதால் அவனுக்கு அந்த நேரத்துப் பதற்றம் தீர்கிறது, ஆனால் அடுத்த முறை தானே சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. தெரிந்த ஒரு கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ அவனே பில் போடட்டும். சில வாரங்கள் கழித்து, சரக்கு வரவில்லை என்று மொத்த வியாபாரிக்கு அவனே போன் செய்யட்டும். பிறந்தநாளுக்கு ஆறு பேரைத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தியது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளியது போன்றது. அதற்காக ஒருமுறை அவனிடம் வருத்தம் தெரிவிப்பது தந்தைக்கு இழுக்கில்லை.

சாப்பாடும் வயிற்றுவலியும் இன்னும் இரண்டு வாரத்தில் மாறாவிட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செஸ்ஸையும் அந்த நண்பனையும்கூட விட்டுவிட்டான், தூக்கம் கெட்டுவிட்டது என்றால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பொங்கல் விஷயம். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கூட்டத்தைத் தவிர்க்கத் தவிர்க்கக் கூட்டத்தின் மீதுள்ள பயம் கூடும். மூன்று நாளும் இருத்தி வைக்கவும் வேண்டாம். பொங்கலன்று காலை வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து வணங்கி, எல்லாரோடும் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவன் பங்கு. பிறகு ஒதுங்க ஓர் அறை, மறுநாள் காலையில் உங்களோடு ஸ்கூட்டரில் காரைக்குடி திரும்புவது, அத்தையோ சித்தப்பாவோ "ஏன்டா பேச மாட்டியா?" என்று தொடங்கினால் பேச்சை மாற்றுவது ஆகியவை உங்கள் பங்கு. புறப்படும் முன்பே இதை அவனிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சுவிரட்டுக்கு அவன் வராவிட்டால் போகட்டும்.