காத்தப் படிச்சா யாரு வேலை குடுப்பான்னு கேட்ட அம்மாவுக்கு

உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன்மா. பொண்ணு கெமிஸ்ட்ரில கெட்டி, பார்மசியோ கெமிக்கல் இன்ஜினியரிங்கோ போவான்னு நெனச்சுட்டு இருந்தா திடீர்னு வளிமண்டல வேதியியல்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, காத்தப் படிச்சா யாரு வேலை குடுப்பான்னு கேட்டிருக்கீங்க. பயம் நியாயம்தான். ஆனா வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

மேல போகப் போக குளிரும், கிலோமீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும், விமானம் பறக்குற உயரத்துல வெளிய மைனஸ் 50 டிகிரி கிட்ட இருக்கும். அப்ப இன்னும் மேல போனா இன்னும் குளிரணும்ல, ஏன் திரும்ப சூடாகுது?

பதில் உங்களுக்கும் சொல்லிடறேன், அவ மழுப்புனா கண்டுபிடிக்கணும்ல. நாம இருக்கிற கீழடுக்கு ட்ரோபோஸ்பியர், துருவத்துல ஒரு 8 கிலோமீட்டர், பூமத்திய ரேகைப் பக்கம் 17 வரைக்கும் போகும், மேகம் மழை புயல் எல்லாம் இதுக்குள்ளதான். இது தரைச் சூட்டுல கீழேருந்து காயுது, அதான் மேல போனா குளிருது. அதுக்கு மேல 50 கிலோமீட்டர் வரைக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர், அங்க ஓசோன்னு ஒரு வாயு இருக்கு, அது சூரியனோட புற ஊதாக் கதிர இழுத்துக்கிட்டு அந்த இடத்தையே சூடாக்குது. சூடு மேலயும் குளிர் கீழயும் இருந்தா காத்து மேல கீழ கலக்காது, அதனாலதான் 1991-ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சு மேல போன கந்தகம் மழையில கழுவிட்டுப் போகாம ரெண்டு வருஷம் அங்கயே நின்னு, வெயில திருப்பி விட்டு, பூமியோட சராசரி வெப்பத்த அரை டிகிரி அளவுக்கு கொறச்சுது.

அவ "புக்ல அப்படிதான் போட்டிருக்கு"ன்னு சொன்னா கொஞ்சம் யோசிக்கலாம். "தெரியலயே, இரு பாக்குறேன்"னு போய் ராத்திரி வரைக்கும் தேடுனா விட்டுடுங்க, அவ இதுக்குத்தான். டக்குனு கரெக்டா சொல்றவளவிட எனக்கு இந்த ரெண்டாவது பொண்ணு மேலதான் நம்பிக்கை அதிகம்.

இப்ப யாரு வேலை குடுப்பாங்கிறதுக்கு வரேன். ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரேல எல்லாம் போட்டுட்டு இருந்த சிஎஃப்சிங்கிற குளோரின் கலந்த வாயு எதோடயும் சேராது, எரியாது, விஷம் கிடையாது, அதனாலயே எல்லாருக்கும் பிடிச்சுது. ஆனா எதோடயும் சேராததால அது கீழ அழியாம மெதுவா ஸ்ட்ராட்டோஸ்பியருக்கு ஏறி, அங்க புற ஊதா பட்டு ஒடஞ்சு குளோரின் அணுவ விடுது, ஒரே ஒரு குளோரின் ஆயிரக்கணக்குல ஓசோன அழிச்சுட்டுதான் ஓயும். இத 1974-ல மொலினா, ரோலண்டுன்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க எழுதுனப்ப கம்பெனிக்காரங்க ஒத்துக்கல. 1985-ல அண்டார்டிகா மேல ஓசோன் ஓட்டைய அளந்து காட்டுனாங்க, 1987-ல சிஎஃப்சிய கொறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம். அதோட ஒரு தொழிலே தலகீழா மாறிச்சு, சிஎஃப்சிக்கு பதிலா வேற வாயு கண்டுபிடிக்கணும், அது மேல போய் என்ன பண்ணும்னு கணக்கு போடணும், வருஷா வருஷம் அளக்கணும், இதுக்கெல்லாம் ஆள் வேணும்ல. காத்துத் தரம் அளக்குற நிலையம், வானிலை மாடல், சாட்டிலைட் டேட்டா, ஆலைப் புகை கட்டுப்பாடு, வாயு அளக்குற கருவி செய்யுற கம்பெனி, எல்லா இடத்துலயும் இந்தப் படிப்பு படிச்சவங்க இருக்காங்க, போர்டுல மட்டும் வளிமண்டல வேதியியலாளர்னு எழுதியிருக்காது அவ்ளோதான்.

எனக்குப் பிடிச்சது ஓசோன் விஞ்ஞானி பால் குருட்சென் கதை. ஸ்கூல் கடைசிப் பரீட்சையில காய்ச்சல், மார்க் கொறஞ்சு யுனிவர்சிட்டி உதவித்தொகை கிடைக்காம போச்சு, டெக்னிக்கல் ஸ்கூல் படிச்சுட்டு ஆம்ஸ்டர்டாம்ல பாலம் கட்டுற ஆபீஸ்ல வேலை பார்த்தார். அப்புறம் ஸ்டாக்ஹோம்ல வானிலைத் துறைக்கு ப்ரோகிராமர் தேவைன்னு விளம்பரம் பார்த்து, ப்ரோகிராமிங்கே தெரியாம அப்ளை பண்ணி 1959-ல சேர்ந்தார், அங்கேருந்து ஓசோனுக்குள்ள போய், 1995-ல மொலினா ரோலண்டோட சேர்த்து கெமிஸ்ட்ரி நோபல். உங்க பொண்ணு நோபல் வாங்குவான்னு நான் சொல்லல, பதட்டப்படாதீங்க. இந்தத் துறைக்குள்ள வர வாசல் நெறைய, கோடிங்கும் அதுல ஒண்ணு.

அதனால டிகிரிய மட்டும் பார்த்து எடுங்க. சுற்றுச்சூழல் அது இதுன்னு பேர் அழகா இருக்கிற கோர்ஸ்ல மொதல்லயே சேர்க்காதீங்க, கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ மெயினா எடுத்து மேத்ஸ விடாம படிக்கட்டும், கோடிங்குக்கு பைத்தான் கத்துக்கட்டும், வளிமண்டலத்த மாஸ்டர்ஸ்ல வெச்சுக்கலாம். நடுவுல மனசு மாறுனாலும் மருந்து, மெட்டீரியல், டேட்டான்னு எந்தப் பக்கமும் திரும்பலாம், உங்க பயத்துக்கு மருந்து இதுதான்.

கெட்டதையும் சொல்லணும். ஆராய்ச்சிக்குப் போனா பிஎச்டி, அப்புறம் போஸ்ட்டாக்னு பிஎச்டிக்கு அடுத்த தற்காலிக ஆராய்ச்சி வேலைன்னு வருஷம் ஓடும், நிரந்தர வேலை லேட்டாதான் வரும். ஃபிளாஸ்க்ல கலர் மாறுறத பார்க்குற கெமிஸ்ட்ரி பிடிச்சிருக்குன்னா இது ஏமாத்திடும், இங்க ஒரு நொடி கூட நிக்காத ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு எதோடயும் சட்டுனு சேர்ற துகள் ஒண்ணு இருக்கு, பத்து வருஷம் காத்துல கெடக்குற மீத்தேனையே அதுதான் தின்னு தீர்க்குது, ஆனா அத கண்ணால பார்க்க முடியாது, டேட்டாவுலயும் மாடல்லயும் தான் தொரத்தணும். ஸ்க்ரீன் முன்னாடி மணிக்கணக்கா உக்காரப் பிடிக்குமான்னு அவகிட்ட நேராவே கேட்டுடுங்க.

அந்தக் கேள்விய கேட்டுட்டு அவ என்ன சொன்னான்னு எழுதுங்கம்மா, அப்புறம் காலேஜ் லிஸ்ட் பேசலாம்.