கணினி கேள்வி-பதில்: சீமங்கி பயன்படுத்துவோரின் சிக்கல்கள்

இணைய உலாவியையும் மின்னஞ்சலையும் ஒரே மென்பொருளில் தரும் சீமங்கியைப் பற்றி இம்முறை நான்கு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இந்த மென்பொருளை இன்னும் இத்தனை பேர் விடாமல் வைத்திருப்பது எனக்குச் சற்று வியப்பாகவும், நானும் அவர்களில் ஒருவன் என்பதால் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

கேள்வி: திடீர் மின்வெட்டுக்குப் பிறகு கணினியைத் திறந்தால், சீமங்கியின் இன்பாக்ஸில் ஒரு கடிதம்கூட இல்லை. எட்டு ஆண்டுக் கடிதங்கள் அதில் இருந்தன. பிஓபி முறையில் இறக்கியவை என்பதால் சர்வரிலும் பிரதி கிடையாது. எல்லாம் போய்விட்டதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்த இன்பாக்ஸில் எதையும் அழிக்க வேண்டாம். முக்கியமாக 'காம்பாக்ட்' என்ற கட்டளையைத் தொடவே வேண்டாம்.

சீமங்கி ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்கும் இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்கிறது. 'இன்பாக்ஸ்' என்ற பெயர் மட்டும் கொண்ட, புள்ளியோ அதற்குப் பின் எழுத்துகளோ இல்லாத கோப்பில்தான் உங்கள் கடிதங்கள் அனைத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. 'இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப்' என்ற இன்னொரு கோப்பு அவற்றுக்கான அட்டவணை மட்டுமே. திரையில் தெரியும் கடிதப் பட்டியல் இந்த அட்டவணையைப் பார்த்து வரையப்படுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த அட்டவணைதான். நூலகத்தில் புத்தகப் பட்டியல் கிழிந்துபோனாலும் அலமாரியில் புத்தகங்கள் இருப்பதைப் போன்றது இது.

சீமங்கியை முழுவதுமாக மூடிவிட்டு, விண்டோஸின் 'ரன்' பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை இரு புறமும் சதவீதக் குறியிட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் மோசில்லா, அதற்குள் சீமங்கி, அதற்குள் புரொஃபைல்ஸ் என்று சென்றால், பொருளற்ற எட்டு எழுத்துகளும் எண்களுமாகத் தொடங்கி 'டிஃபால்ட்' என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் உள்ள 'மெயில்' ஃபோல்டரில், உங்கள் அஞ்சல் சர்வரின் பெயரிலான ஃபோல்டரைத் திறந்து, 'இன்பாக்ஸ்' கோப்பின் அளவைப் பாருங்கள். அது பல நூறு எம்பி என்று காட்டினால் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். முதலில் அதை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழித்துவிட்டு, சீமங்கியைத் திறந்து இன்பாக்ஸைச் சொடுக்குங்கள். அட்டவணை புதிதாக உருவாகும். எட்டு ஆண்டுக் கடிதங்கள் என்பதால் சில நிமிடங்கள் பிடிக்கலாம். பொறுமையிழந்து நடுவில் மூடிவிடாதீர்கள்.

கோப்பின் அளவு பூஜ்யம் என்று இருந்தால், ஆன்டிவைரஸ் மென்பொருளின் 'குவாரன்டைன்' பகுதியைப் பாருங்கள். ஒரே ஒரு இணைப்பில் வைரஸ் இருந்தாலும், எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருப்பதால், மொத்த இன்பாக்ஸையும் அது தூக்கிக்கொண்டு போய்விடுவது உண்டு. அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: முக்கியமான ஒரு கடிதத்தை அழித்து, ட்ராஷையும் காலி செய்துவிட்டேன். மீட்க வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் கேள்வியில் 'காம்பாக்ட்' வேண்டாம் என்று சொன்னதன் காரணமே இதுதான். பிஓபி கணக்கில் நீங்கள் ஒரு கடிதத்தை அழிக்கும்போது, அது இன்பாக்ஸ் கோப்பிலிருந்து உடனே நீக்கப்படுவதில்லை. 'அழிக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டும் இடப்படுகிறது. 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் அது உண்மையிலேயே போகிறது.

இன்பாக்ஸ் கோப்பின் பிரதியொன்றை எளிய எழுத்துத் திருத்தியில் திறந்து, அந்தக் கடிதத்தின் தலைப்பைத் தேடுங்கள். கடிதத்தின் தொடக்க வரிகளுக்குள் 'எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி இருக்கும். படித்த கடிதத்துக்கு அதில் 0001 என்றும், படித்து அழித்த கடிதத்துக்கு 0009 என்றும் இருக்கும். 8 என்பதே அழித்ததற்கான அடையாளம், 1 படித்ததற்கானது. 0009 என்பதை 0001 என்று மாற்றிச் சேமித்து, சீமங்கி மூடியிருக்கும்போது அந்தக் கோப்பைப் பழைய இடத்தில் வைத்து, எம்எஸ்எஃப் கோப்பை அழித்துத் திறந்தால் கடிதம் மீண்டும் பட்டியலில் வந்து உட்காரும். நான் முதன்முறை இதைச் செய்தபோது, ஒற்றை எண்ணில் இத்தனை இருக்கிறதா என்று சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் ஜிமெயில் கணக்கைச் சீமங்கி ஏற்க மறுக்கிறது. என் வங்கியின் தளமும் 'உங்கள் உலாவி பழையது' என்கிறது. மென்பொருளே பழுதாகிவிட்டதா?
– வாசகர், திருச்சி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் கொண்டு பிற மென்பொருள்கள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' எனப்படும் 16 எழுத்துச் சொல்லைப் பெற்று, சீமங்கி கேட்கும்போது அதைக் கொடுங்கள். முன்பு சேமித்த பழைய பாஸ்வேர்டை அழிக்க மறந்தால் அது மீண்டும் மீண்டும் குறுக்கே வரும். கடிதம் வந்துவிடுகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்றால், கடிதங்களை அனுப்பும் எஸ்எம்டிபி சர்வருக்கான பழைய பாஸ்வேர்டு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வங்கித் தளத்தின் கதை வேறு. 1997இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரின் வழித்தோன்றல் சீமங்கி. இந்த ஒருங்கிணைந்த தொகுப்பைத் தொடர்வதில்லை என்று மோசில்லா அறக்கட்டளை 2005இல் முடிவு செய்தபின், தன்னார்வலர்கள் அதை எடுத்து நடத்தி, 2006 ஜனவரியில் சீமங்கியின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். இப்போதைய 2.53 வரிசையின் அடித்தளம் 2017ஆம் ஆண்டு ஃபயர்பாக்ஸின் நிரல். பிற்காலத் திருத்தங்களை அதன்மேல் அவர்கள் கையால் சேர்த்து வருகிறார்கள். புதிய தளங்களின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாது. தன்னை ஃபயர்பாக்ஸ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் வசதி அதில் இருந்தாலும், தளத்துக்குத் தேவையான புதிய நுட்பம் உள்ளே இல்லாதபோது வேடம் மட்டும் போட்டுப் பயனில்லை. வங்கி வேலைக்கு ஃபயர்பாக்ஸையோ குரோமையோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலுக்காகச் சீமங்கியை வைத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை.

கேள்வி: புதிய மடிக்கணினி வாங்கியிருக்கிறேன். கடிதங்கள், முகவரிகள், புக்மார்க்குகள், பாஸ்வேர்டுகள் அனைத்தையும் எப்படி மாற்றுவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உலாவியும் அஞ்சலும் ஒன்றாக இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். நீங்கள் சொன்ன அனைத்தும் முதல் பதிலில் குறிப்பிட்ட 'சீமங்கி' ஃபோல்டருக்குள் அடங்கிவிடுகின்றன. பழைய கணினியில் மென்பொருளை மூடுங்கள். உலாவிச் சன்னலை மூடினாலும், அஞ்சல் சன்னல் திறந்திருக்கும்வரை சீமங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், ஃபைல் மெனுவிலிருந்தே வெளியேறுங்கள். பிறகு அந்த ஃபோல்டர் முழுவதையும் பிரதி எடுத்து, புதிய கணினியில் சீமங்கியை நிறுவி, திறப்பதற்கு முன்பே அதே இடத்தில் வைத்துவிடுங்கள். வேண்டிய கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பாஸ்வேர்டுகள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றை விட்டால் மற்றொன்றால் பயனில்லை. புதிய கணினியில் உங்களுடைய மிகப் பழைய கடிதம் ஒன்றை இணைப்போடு திறந்து பார்த்த பிறகே பழைய கணினியை யாருக்காவது கொடுங்கள்.